நாலு பேர் மிச்சம், கையில் ஒன்பது ஜோடி: கால் பண்ணியது தப்பா?

15 ஜூன் 2025, இரவு 11.40

எட்டுப் பேர் உட்கார்ந்த போக்கர் டோர்னமென்ட். நாலு பேர் மிச்சம், மூன்று பேருக்குத்தான் பரிசு. என்னிடம் 100, மற்ற மூவரிடமும் ஏறக்குறைய அதே 100. பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாகப் போட வேண்டியது, 5, 10. நான் பெரிய பிளைண்ட். முதல் ஆள் ஃபோல்டு, சீட்டைக் கவிழ்த்து விலகிவிட்டார். பட்டனில் (சீட்டுப் போடுகிறவர் இடத்தில்) இருந்த டீச்சர் அக்கா மொத்தத்தையும் நடுவில் தள்ளினார், ஆல்-இன். சின்ன பிளைண்டும் ஃபோல்டு. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஒன்பது ஜோடி, அதாவது இரண்டு ஒன்பது. கால் பண்ணினேன், அதாவது ஈடாக என்னுடையதையும் போட்டேன். அக்கா கையில் ஏஸ், ஜாக்கி. நடுவில் விழும் ஐந்து பொதுச் சீட்டில் நாலு விழும்வரை நான்தான் முன்னால். ஐந்தாவதாக ஜாக்கி வந்து உட்கார்ந்தது. நான் நாலாவது, வெறுங்கை.

என் வாதம் இதுதான். ஏற்கெனவே 10 போட்டிருந்தேன், இன்னும் 90 போட வேண்டும். ஜெயித்தால் மொத்தம் 205 என் பக்கம். 90-ஐ 205-ஆல் வகுத்தால் 44 சதவீதம், அந்த அளவு ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தால் போதும். ஏஸ்-ஜாக்கிக்கு எதிரே ஒன்பது ஜோடி ஜெயிக்கும் வாய்ப்பு 55. இதில் என்ன தப்பு? வீட்டில் எல்லாரும் "அவசரப்பட்டுட்ட" என்கிறார்கள். மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

16 ஜூன், காலை 7.15

100 ரூபாயா, 100 ஆயிரமா என்று கேட்டவருக்கு: 100 புளியங்கொட்டை. ஆளுக்கு 50 எண்ணிக் கொடுத்து ஆரம்பிப்போம், மொத்தம் 400. முதலில் பிளைண்ட் 1, 2. கால் மணிக்கு ஒருமுறை ஏற்றுவோம். ஒருவரும் காசு போடுவதில்லை. பரிசு, சந்தூர்ப் பக்கம் மாமாவின் தோப்பில் இறங்குகிற மாம்பழம். முதல் ஆளுக்கு மூன்று பெட்டி, இரண்டாவது ஆளுக்கு இரண்டு, மூன்றாவது ஆளுக்கு ஒன்று. நேற்று செந்தூரா. வீட்டில் "பெட்டி எங்க?" என்று கேட்டபோது ஐந்தாவது சீட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். கதவு சாத்தப்பட்டது.

16 ஜூன், இரவு 10.05

கீழே ஒருவர் ஒரே வரியில் கேட்டிருக்கிறார்: "கொட்டையைத் தின்பாயா, பழத்தைத் தின்பாயா?"

நக்கல் என்று நினைத்துத் தாண்டிப் போனேன். மத்தியானம் கடையில் ஒரு போர்வெல் மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது. என் கணக்கு முழுக்கக் கொட்டையில் இருக்கிறது. கொட்டைக்கும் பெட்டிக்கும் நேர் விகிதம் கிடையாது.

பில் புத்தகத்தின் பின்னால் போட்ட கணக்கு: ஆறு பெட்டி, நாலு பேர், எல்லாரிடமும் 100. அப்படியானால் உட்கார்ந்த இடத்திலேயே ஆளுக்கு ஒன்றரைப் பெட்டி மதிப்பு. நான் கால் பண்ணி ஜெயித்தால் என்னிடம் 200, மற்ற இருவரிடம் 100, 100. கொட்டை இரட்டிப்பு. பெட்டியும் மூன்றாக வேண்டுமே? ஆகவில்லை. முதலிடம் வர இரண்டில் ஒரு வாய்ப்பு, இரண்டாமிடத்துக்கு மூன்றில் ஒன்று, மூன்றாமிடத்துக்கு ஆறில் ஒன்று. கூட்டினால் 2.33 பெட்டி. தோற்றால் பூஜ்யம். கையில் இருக்கிற 1.5 பெட்டியை வைத்து 2.33-க்கு ஆடுகிறேன். ஆகவே எனக்கு வேண்டியது 50 இல்லை, 64 சதவீதம். கொட்டை இரண்டு மடங்கு ஏறியது, பழம் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேலே ஏறி நின்றுவிட்டது.

ஒன்பது ஜோடிக்கு 55 என்று நேற்று மார்தட்டினேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

17 ஜூன், காலை 6.50

திரும்ப வாங்கியதில் பாதியைத் திரும்பக் கொடுக்கிறேன். நேற்றைய கணக்கில் பிளைண்டை விட்டுவிட்டேன். ஃபோல்டு பண்ணினால் என்னிடம் 90தான் இருக்கும், அக்காவிடம் 115 ஆகிவிடும். ஜெயித்தால் எனக்கு 205. இதை வைத்துத் திரும்பப் போட்டால் ஃபோல்டின் மதிப்பு 1.40 பெட்டி, ஜெயித்தால் 2.36. வகுத்தால் 59 சதவீதமும் கொஞ்சமும்.

ஆக கொட்டைக் கணக்கில் 44, பழக் கணக்கில் 59. நடுவில் இருக்கிற அந்த 15-ல்தான் என் செந்தூரா போனது.

இந்தக் கணக்கு முறைக்கு ஐ.சி.எம். (இன்டிபென்டன்ட் சிப் மாடல்) என்று பெயர். மூலம் குதிரைப் பந்தயம். எந்தக் குதிரை முதலில் வரும் என்கிற வாய்ப்பு தெரிந்தால் இரண்டாவது, மூன்றாவது எது என்று கணக்கிட ஹார்வில் என்பவர் 1973-ல் ஒரு வழி சொன்னார். போக்கர் நூலாசிரியர் மேசன் மால்முத் 1987-ல் அதைப் போக்கர் டோர்னமென்ட்டுக்குக் கொண்டுவந்தார். மாமாவிடம் சொன்னேன். "குதிரைக்குப் போட்ட கணக்கு கழுதைக்கு எப்படிடா சரிவரும்?" என்றார்.

19 ஜூன், இரவு 9.30

இப்போது விஷயத்துக்கு வருவோம். "அக்காவிடம் ஏஸ்-ஜாக்கி, அதனால் எனக்கு 55" என்று முதல் பதிவில் எழுதினேனே, அந்த வாக்கியமே தப்பு. கால் பண்ணும்போது அக்கா கையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. திறந்த பிறகு பார்த்த சீட்டை வைத்து, திறப்பதற்கு முன் எடுத்த முடிவுக்கு நியாயம் கற்பித்திருக்கிறேன்.

கேட்க வேண்டியது: இந்த ஆள் என்னென்ன கையோடு இப்படித் தள்ளுவார்?

மாமாவை எடுத்துக்கொள்வோம். ஏதாவது ஒரு ஜோடி வந்தாலும் தள்ளுவார். ஏஸ் ஒன்று வந்தால், கூடவே வெறும் இரண்டு இருந்தாலும் தள்ளுவார். எண்ணிப் பார்த்தேன். ஒரு ஜோடி வர 6 வழி. ஏஸும் இன்னொரு குறிப்பிட்ட சீட்டும் வர 16 வழி. பத்து முதல் ஏஸ் வரை பெரிய ஜோடிகள் 30 வழி, அங்கே எனக்கு ஐந்தில் ஒன்றுதான், சுமார் 19 சதவீதம். இரண்டு முதல் எட்டு வரை சின்ன ஜோடிகள் 42 வழி, அங்கே நான் 81. ஏஸோடு பத்து அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டு 64 வழி, 55. ஏஸோடு எட்டு வரைக்கும் உள்ள சில்லறை 112 வழி, 70. எல்லாவற்றையும் பெருக்கிக் கூட்டி வகுத்தால் 62-ஐ ஒட்டி வருகிறது. வேண்டியது 59. மாமாவாக இருந்தால் கால் சரி.

அக்கா அப்படியா? மூன்று மணி நேரத்தில் ஒரே ஒருமுறைதான் தள்ளினார், அது என் மேல். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வருகைப் பதிவேடு எடுத்தவர். ஏழு ஜோடிக்குக் கீழே தொடமாட்டார், ஏஸோடு பத்தாவது இருக்க வேண்டும். அந்தக் கைகளை மட்டும் எண்ணினால் 106 வழி. எனக்குக் கிடைப்பது 48.

அதே ஒன்பது ஜோடி, அதே 90 கொட்டை. எதிரே மாமா இருந்தால் போடு, அக்கா இருந்தால் விடு. கொட்டைக் கணக்கின் 44 இருக்கிறதே, அது இரண்டு பேருக்கும் "போடு" என்றுதான் சொல்லும். ஆளைப் பார்க்காது.

19 ஜூன், இரவு 9.48

முந்தைய பதிவில் ஏஸ்-ஒன்பதை விட்டுவிட்டேன் என்று ஒருவர் பிடித்துவிட்டார். ஒன்பதில் இரண்டு என் கையில் இருப்பதால் அது 8 வழிதான். சேர்த்தாலும் 62-ஐ ஒட்டித்தான் இருக்கும். தீர்ப்பு மாறாது, உங்கள் கண்ணுக்கு வணக்கம்.

21 ஜூன், மாலை 4.10

"மாமா கண்டபடி தள்ளுகிறார், ஆனாலும் அவர்தான் அடிக்கடி பெட்டி எடுக்கிறார், எப்படி?" என்று காரிமங்கலத்துக்காரர் கேட்கிறார்.

தள்ளுகிறவனுக்கு ஜெயிக்க இரண்டு வழி. மற்றவர்கள் விலகினால் அப்போதே பிளைண்ட் அவனுக்கு; யாராவது வந்தால் சீட்டாலும் ஜெயிக்கலாம். கால் பண்ணுகிறவனுக்கு ஒரே வழி, சீட்டு ஜெயித்தாக வேண்டும். அதனால் தள்ளுவதற்குப் போதுமான கை, கால் பண்ணப் போதாது. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி இதற்கு "கேப்", அதாவது இடைவெளி, என்று பெயர் வைத்தார். மாமாவுக்கு ஸ்க்லான்ஸ்கியைத் தெரியாது. சந்தையில் விலையை முதலில் சொல்கிறவனுக்கு இருக்கிற தெம்பு அவருக்குத் தெரியும்.

ஏஸ்-ராஜாவைப் பற்றியும் ஒன்று. அதைப் பார்த்தவுடன் நமக்கெல்லாம் கை தானாக நடுவுக்குப் போகிறது. ஜோடிகளிலேயே சின்னதான இரண்டு-இரண்டுக்கு எதிரேகூட அது 47, 48 தான். ராணி ஜோடிக்கு எதிரே 43. எதிராளி சீட்டைப் பார்க்காமலே தள்ளினால்கூட 65, 67-க்கு மேல் போகாது. 16-ம் தேதி போட்ட 64-ஐ நினைத்துப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தள்ளுகிற ஆளுக்கு எதிரேயே நூலிழைதான் மிச்சம்.

22 ஜூன், இரவு 11.55

இன்று ஆட்டத்தில் ஒரு கூத்து. சீட்டுக் கட்டு முழுக்க மாம்பால். பெட்டி கட்டிய கையோடு உட்காருகிறோமே, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, கலைத்தால் பிசுக் பிசுக்கென்று சத்தம். போச்சம்பள்ளி மச்சான் ஒரு சீட்டின் முதுகை விளக்குக்கு நேரே பிடித்தான். ஓரத்தில் பழுப்பாக, சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கறை. திருப்பினால் இஸ்பேட் ஏஸ்.

போன வாரம் அக்கா கையில் இருந்தது அதே இஸ்பேட் ஏஸ். அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதாவது அந்தக் கறை நிமிடக்கணக்கில் என் கண்ணெதிரே இருந்திருக்கிறது, நான் என் ஒன்பதுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்திருந்தா தப்பிச்சிருப்ப" என்றான் மச்சான். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அக்காவிடம் ஏஸ் இருக்கிறது என்று தெரிந்திருந்தால் பெரிய ஜோடிகள் ஏறக்குறையப் போய்விடும், ஏஸ் ஜோடி மட்டும் மிச்சம். அப்படியும் எனக்கு 55-க்கு மேல் வராது. வேண்டியது 59. கள்ள ஆட்டம் ஆடியிருந்தாலும் ஃபோல்டுதான் பண்ணியிருக்க வேண்டும்.

அக்காவுக்குக் கறை விஷயம் ஏற்கெனவே தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

23 ஜூன், மதியம் 2.20

"ஏற்கெனவே 10 கொட்டை போட்டாச்சே, விட மனசு வருமா?" என்ற கேள்விக்கு.

எங்கள் பக்கத்தில் போர் போட்டவர்கள் வீட்டில் இந்தப் பாடம் நன்றாகத் தெரியும். மாமா தோப்பில் 800 அடி ஓட்டியும் புகைதான் வந்தது. இத்தனை செலவு செய்தாச்சு, இன்னும் ஒரு நூறு அடி என்றார். அப்புறம் இன்னொரு நூறு. லாரிக்காரர் எதுவும் சொல்லவில்லை, குழாயை மாட்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் வரவேயில்லை.

முதலில் இதை இங்கே உவமையாக எழுதி, "போட்டதை மற, போடப் போவதைப் பார்" என்று முடித்திருந்தேன். எழுதிய பிறகு சரியில்லை என்று அழித்தேன். போரில் விட்ட பணம் மண்ணுக்குள் போய்விட்டது. நடுவில் கிடக்கிற 10 கொட்டை போய்விடவில்லை, ஜெயிக்கிறவனுக்கு வருகிறது. அந்த 10 இனி என்னுடையதில்லை என்பது உண்மை. ஆனால் அது குவியலில் இருப்பதால்தான் 64 என்பது 59 ஆனது. மனசு விடாததற்கு அது காரணமாக இருக்கக் கூடாது, கணக்கில் மட்டும் இருக்கலாம்.

24 ஜூன், இரவு 8.00

மூன்று சீட்டு விழுந்த பிறகு வரும் ஆல்-இன் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. ஒரே பூவில் (எல்லாம் இஸ்பேட் என்பது மாதிரி) நாலு சேர்ந்து ஐந்தாவதற்குக் காத்திருந்தால் உதவுகிற சீட்டு 9. இரண்டு சீட்டு வரவேண்டுமென்றால் நாலால் பெருக்குங்கள், 36, உண்மை 35. ஒரே சீட்டு என்றால் இரண்டால் பெருக்குங்கள். குவியல் 60, எதிராளி 60 தள்ளினால் உங்களுக்கு வேண்டியது 33. கொட்டைக்கு ஆடினால் போடலாம். பரிசு வாசலில் நிற்கும்போது அந்த இரண்டு சதவீதத்துக்காக உயிரைக் கொடுக்காதீர்கள்.

29 ஜூன், இரவு 10.30

ஒப்புக்கொள்ள வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. பதினைந்தாம் தேதி நான் கால் பண்ணியது 44-க்காக இல்லை. அந்தக் கணக்கே எழுந்து வந்த பிறகு, மாடிப்படியில் போட்டது. அதற்கு முன் மூன்று முறை எனக்குப் பிளைண்ட் வந்தபோதெல்லாம் மாமா தள்ளி அதைப் பிடுங்கியிருந்தார். மூன்று முறையும் "போதுமா மாப்ள?" என்று சிரித்தார். நாலாவதாகத் தள்ளியது அக்கா. கோபம் மாமா மேல், கொட்டை போனது அக்காவிடம்.

போன வருடமும் இதே கதைதான். எட்டு ஜோடியோடு இதே மாதிரிக் கோபத்தில் கால் பண்ணி, எதிரே ராணி ஜோடி, நடுவில் எட்டு விழுந்து ஜெயித்தேன். மூன்று பெட்டி பெங்களூரா தூக்கிக்கொண்டு போனேன். அன்று ஒருவரும் "அவசரப்பட்டுட்ட" என்று சொல்லவில்லை. நானும் பில் புத்தகத்தைத் திருப்பவில்லை.

6 ஜூலை, நள்ளிரவு தாண்டி

சீசனின் கடைசி ஆட்டம். பழம் குறைவு, அதனால் பரிசு மாறியது: இரண்டு பெட்டி மல்கோவா, முதல் இருவருக்கு ஆளுக்கு ஒன்று. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் வித்தியாசம் இல்லை.

மூன்று பேர் மிச்சம். பிளைண்ட் 10, 20. என்னிடம் 195, மாமாவிடம் 185, போச்சம்பள்ளி மச்சானிடம் வெறும் 20. மச்சான் பட்டனில் இருந்து ஃபோல்டு. சின்ன பிளைண்டில் இருந்த மாமா வழக்கம்போல மொத்தத்தையும் தள்ளினார். நான் பெரிய பிளைண்ட். சீட்டைத் தூக்கினால் ஏஸ் ஜோடி. 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வருவது.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். கொசு கடித்தது. மாமா பாக்கு மெல்வதை நிறுத்தினார்.

ஃபோல்டு. காட்டாமல் கவிழ்த்திருக்கலாம், காட்டித் தொலைத்தேன்.

7 ஜூலை, காலை 9.10

திட்டி எழுதிய எல்லோருக்கும் சேர்த்து. மாமா எந்தக் கையோடும் தள்ளுவார் என்று வைத்தால் ஏஸ் ஜோடி 85 சதவீதம் ஜெயிக்கும். ஜெயித்தால் மாமா வெளியே, எனக்குப் பெட்டி. தோற்றால் என்னிடம் 10 கொட்டை, அதில் பெட்டி கிடைக்க மூன்றில் ஒரு வாய்ப்பு. சேர்த்தால் 90. ஃபோல்டு பண்ணினால் என்னிடம் 175, ஐ.சி.எம். படி பெட்டி கிடைக்க 92. அதுவும் குறைத்து மதிப்பிட்டது. அடுத்த ஆட்டத்தில் மச்சான்தான் பெரிய பிளைண்ட், அவனிடம் இருப்பதே அந்த 20. அவன் மொத்தமும் தானாக உள்ளே போகப் போகிறது என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

சம பரிசு ஆட்டம் இப்படித்தான். பெரிய போட்டிக்கு இடம் மட்டுமே பரிசாகத் தருகிற சாட்டிலைட்டுகள் இதே வகை. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் சில பத்து டாலர் சாட்டிலைட்டில் ஆரம்பித்து, 839 பேர் ஆடிய உலகப் போட்டியை வென்று 25 லட்சம் டாலர் எடுத்தார். சாட்டிலைட்டில் முதலாவதாக வந்தாலும் கடைசி இடம் பிடித்தாலும் கிடைப்பது அதே ஒரு நாற்காலி.

சரி, நேற்று என்ன நடந்தது? அடுத்த ஆட்டத்தில் மச்சான் ஒன்பது-நாலை வைத்துக்கொண்டு நாலு விழுந்து பிழைத்தான். அதற்கடுத்ததிலும் பிழைத்தான். அரை மணி கழித்து என் ஏஸ்-ராணியை அவனுடைய ஆறு ஜோடி முடித்தது. நான் மூன்றாவது. மல்கோவா போச்சம்பள்ளிக்கும் மாமா வீட்டுக்கும் போனது.

"ஏஸ் ஜோடியக் கீழ வெச்சவன் வீட்ல பழம் எப்படிடா பழுக்கும்?" என்றார் மாமா. தள்ளியது என்ன கை என்று கேட்டதற்கு ராஜாவும் எட்டும் காட்டினார்.

7 ஜூலை, இரவு 7.40

டீச்சர் அக்கா பையன் மூலமாக இரண்டு மல்கோவா கொடுத்தனுப்பியிருக்கிறார். கூடவே தாளில் ஒரு வரி: "ஃபோல்டு சரிதான் தம்பி. காட்டினதுதான் தப்பு."

24 ஆகஸ்ட், காலை 11.00

இதே கணக்கைப் பழக நல்ல ஆப் சொல்லுங்கள் என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் ஒன்றியச் சட்டத்துக்கு முந்தாநாள், 22-ம் தேதி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் ஆகிவிட்டது. அதனால் சொல்வதற்கு என்னிடம் ஆப் இல்லை, இதற்கு முன்பும் இருந்ததில்லை. தாளும் பேனாவும் போதும், எட்டுப் பேரும் கொஞ்சம் புளியங்கொட்டையும் கிடைத்தால் நல்லது.

நான் புதுச் சீட்டுக் கட்டு வாங்கி வைத்துவிட்டேன். பழைய கட்டை மாமா தரமாட்டேன் என்கிறார். எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறார்.